எந்தத் தேர்வு என்பதை என் கடை மேசையில் வைத்தா முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரடாச்சேரியில் 2011-லிருந்து கணினி மையம் நடத்துகிறேன். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், லேமினேஷன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று என்று ஆண்டு முழுக்க ஆட்கள் வந்தாலும், அக்டோபர் முதல் ஜூன் வரை என் கடையில் அதிகம் உட்கார்ந்திருப்பது பிளஸ் 2 பிள்ளைகள்தான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ., மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட், கட்டடக் கலைக்கு நாட்டா என்று நுழைவுத் தேர்வுகளுக்கு வரிசையாக விண்ணப்பம் போடுவோம். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் என் மனதை அரிக்கும் ஒன்றைச் சொல்லவே இந்தக் கடிதம். ஒரு பிள்ளை எந்தத் தேர்வை எழுதுவது என்ற முடிவு பெரும்பாலும் பள்ளியிலும் எடுக்கப்படுவதில்லை, வீட்டிலும் எடுக்கப்படுவதில்லை. என் கடை மேசையில், கடைசித் தேதியன்று, பத்து நிமிடத்தில் எடுக்கப்படுகிறது.

2025 மார்ச் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கியூட் விண்ணப்பத்தை மார்ச் 1-ல் திறந்து 22-ல் மூடுவதாக அறிவித்து, பிறகு இரண்டு நாள் நீட்டித்தார்கள். நம் பிளஸ் 2 பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. அதாவது பிள்ளைகள் தலை நிமிர முடியாத அதே மூன்று வாரம். நீட்டித்த கடைசி நாள் மாலை ஒரு பெண் ஓடிவந்தாள். மறுநாள் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. பயோ-மேத்ஸ் குரூப், அரசுப் பள்ளி. இயற்பியல் படித்துக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது ஆசை. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009-லிருந்து இருக்கிறது. அங்கே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இருக்கிறது என்பதும், அதில் சேரக் கியூட் எழுத வேண்டும் என்பதும் அன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் எத்தனையோ முறை போனவள்.

ஓ.டி.பி. அவள் அப்பாவின் செல்பேசிக்குப் போனது. அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருந்தார். போன் போட்டு ஒவ்வோர் எண்ணாகக் கேட்டு அடித்தோம். "என்னென்ன பாடம் போடணும்மா?" என்றேன். "பிசிக்ஸ், மேத்ஸ்... வேற என்னன்னு தெரியலக்கா" என்றாள். ஐந்து பாடம் வரை தேர்ந்தெடுக்கலாம். எந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். என் செல்பேசியில் அதைத் தேடிப் பிடித்து, பணம் கட்டி முடிக்கும்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. தேர்வு மே 13-ல் தொடங்கியது. ஏழு வாரத்தில், கியூட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தைப் புதிதாகக் கையில் எடுத்துப் படித்தாள். இடம் கிடைக்கவில்லை. இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியலே படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் பிளஸ் 1-லேயே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அவளுக்கு ஏழு வாரத்துக்குப் பதில் ஒன்றரை ஆண்டு கிடைத்திருக்கும்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் 2022-ல் பிளஸ் 2 முடித்தான். கணக்கில் கெட்டிக்காரன், விலங்கியல் படம் வரையச் சொன்னால் எழுந்து ஓடுவான். அவனும் பயோ-மேத்ஸ்தான். "ரெண்டுக்கும் போட்டு வை, எது கிடைக்குதோ பார்ப்போம்" என்றாள் அக்கா. நீட்டுக்கும் ஜே.இ.இ. மெயினுக்கும் விண்ணப்பம் நிரப்பியவள் நான்தான். அன்று அவனை உட்காரவைத்து நான் இரண்டு கேள்வி கேட்கவில்லை. ஜே.இ.இ.யில் 82 பெர்சென்டைல் வந்தது. அக்கா அதை நூற்றுக்கு 82 மதிப்பெண் என்று நினைத்துத் தெருவுக்கே லட்டு கொடுத்தாள். நூறு பேரில் 82 பேர் அவனுக்குச் சமம் அல்லது கீழே என்பதுதான் அதன் பொருள். ஒன்பது லட்சம் பேர் எழுதிய தேர்வில் அவனுக்கு மேலே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். என்.ஐ.டி.க்கு அது போதாது. நீட்டும் சரியாக வரவில்லை. பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து நடக்கும் மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்கு அவன் கட்-ஆஃப் 200-க்கு 181. ஒரு நல்ல பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஐந்து சவரனை அடகு வைத்து, வெளியூரில் ஒரு பயிற்சி மையத்தில் மறுபடியும் நீட்டுக்கே சேர்த்தார்கள். நீட்டின் 720 மதிப்பெண்ணில் சரிபாதி, 360, உயிரியலுக்கு. பிடிக்காத பாடத்தில் பாதி மதிப்பெண் இருக்கும் தேர்வுக்கு ஒரு பையனை இரண்டு முறை அனுப்பியிருக்கிறோம். இப்போது பி.எஸ்சி. கணிதம் படிக்கிறான். நகை இன்னும் மீளவில்லை.

நீட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்பவள்தான் நான். 2001-ல் அப்போதிருந்த மாநில நுழைவுத் தேர்வை எழுதியவள். எங்கள் ஊரில் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். 2006-ல் சட்டம் போட்டு அதை நீக்கியபோது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்லது நடந்ததாகவே நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் 2017-லிருந்து நீட் நம் பிள்ளைகள் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. 2022-ல் கியூட்டும் வந்தது. அவை இருக்கும் வரை, எதற்கு எது தேவை என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

என் கடைக்கு வரும் தாய்மார்களில் பலர், உயிரியல் சம்பந்தப்பட்ட எந்தப் படிப்புக்கும் நீட் வேண்டும் என்று நம்புகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு வேண்டாம். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டாம். பிளஸ் 2 மதிப்பெண் போதும். அதேபோல், கிண்டி பொறியியல் கல்லூரிக்கு ஜே.இ.இ. எழுத வேண்டும் என்று நினைத்துப் பணம் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு வரும் கட்-ஆஃப்தான் அங்கே கணக்கு. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. என்றால்தான் ஜே.இ.இ. நீட் விண்ணப்பம் 2025-ல் ஓ.பி.சி. பிள்ளைக்கு 1,600 ரூபாய். கியூட் மூன்று பாடத்துக்கு 900. இதன்மேல் தனியார் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் நடத்தும் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். எல்லாவற்றுக்கும் போட்டுவைப்பது ஒரு கூலிக் குடும்பத்துக்குச் சின்னச் செலவில்லை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்தத் தேர்வுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, நிமிடத்துக்கு ஒன்று. ஜே.இ.இ. மெயினில் அதே 180 நிமிடத்துக்கு 75 கேள்விதான், ஆனால் ஒவ்வொன்றும் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. அறிவியல் படிப்புக்கான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களின் தேர்வில் 180 நிமிடத்துக்கு 60 கேள்வி. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து. நம் பயோ-மேத்ஸ் பிள்ளைகள் படிப்பது அதே நான்கு பாடம்தான். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டில் என் கடையில் அதற்கு விண்ணப்பித்தவர்கள் மூன்றே பேர். மனப்பாடமாகப் படித்து மடமடவென்று எழுதும் பிள்ளைக்கு ஒன்று பொருந்தும். நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு வேறொன்று. ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் தயாராகச் சொன்னால் எதற்கும் பழக்கம் வராது.

இப்போது என்னிடம் பிளஸ் 1 பிள்ளைகள் வந்தால் ஒன்று சொல்கிறேன். பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு. ஒரு ஞாயிறு பழைய நீட் வினாத்தாள், அடுத்த ஞாயிறு ஜே.இ.இ., அதற்கடுத்து ஐசர். படித்த பாடத்தில் வரும் கேள்விகளை மட்டும் எழுதினால் போதும், ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுது. மதிப்பெண்ணைப் பார்க்காதே, எந்தத் தாளில் நேரம் போனதே தெரியவில்லை என்று பார். வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நீட் தாள் தமிழிலேயே உண்டு. அச்சிட்டுத் தர ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்குகிறேன். போன ஆண்டு ஒரு பையன் நீட் தாளில் பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டான். ஐசர் தாளுக்கு மூன்று மணி நேரம் முடிந்தபிறகும் எழுந்திருக்கவில்லை, விட்டுப்போன ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அவன் அப்பாவை வரச் சொல்லி இதைச் சொன்னேன். அவர் நீட் பயிற்சிக்குக் கட்டவிருந்த பணத்தைக் கட்டவில்லை.

இன்னொன்று. ஜே.இ.இ., கியூட் இரண்டும் கணினியில் நடப்பவை. தேர்வு அறையில் விசைப்பலகை வேலை செய்யாது. விடை எண்ணைக்கூடத் திரையில் தெரியும் எண்களை மவுஸால் சொடுக்கித்தான் போட வேண்டும். செல்பேசியிலேயே வளர்ந்த பிள்ளைகள் மவுஸைப் பிடித்ததும் தடுமாறுகிறார்கள். திரையை விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். இவற்றை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது. அப்போது வந்து பழகச் சொல்கிறேன், காசு வேண்டாம். அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறதே, மாதம் ஒரு சனிக்கிழமை அங்கேயே இதைச் செய்யலாம்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று இந்தத் தேர்வுகளுக்குச் செல்லாது; மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றில் வேறு மாதிரி இருந்தால் கடைசி நாளில் திருத்த முடியாது. 2022 டிசம்பரில் ஜே.இ.இ. விண்ணப்பம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டு நின்றது. கொரோனாவால் மதிப்பெண்ணே இல்லாமல் தேர்ச்சி பெற்ற நம் பிள்ளைகள் என் கடையில் அழுததை மறக்க முடியவில்லை. மாநில அரசு கேட்டபிறகுதான் வழி பிறந்தது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், உங்கள் பத்திரிகையில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு, எந்தப் படிப்புக்குத் தேர்வே வேண்டாம், விண்ணப்பம் எந்த மாதம், என்னென்ன சான்று, இவ்வளவு போதும். பிளஸ் 1 வகுப்பாசிரியர்கள் அதை வகுப்பில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோருடன் அழைத்துக் கால் மணி நேரம் பேசினால், என் மேசையில் நடக்கக்கூடாத இந்த வேலை நடக்காது.

ஜே.இ.இ. முதல் கட்ட விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் கடைசியில் திறந்துவிடும். ஓ.பி.சி. சான்று கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதனால் இதைப் படிக்கும் பெற்றோர் ஆகஸ்டிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
கொரடாச்சேரி, திருவாரூர் மாவட்டம்.