போடிமெட்டு ஏறப் பயப்படுகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை தொடங்கினாலே சுற்றுலா இணைப்புகளில் மூணாறும் தேக்கடியும் வந்துவிடுகின்றன. எந்த அருவியில் குளிக்கலாம், எங்கே ஏலக்காய் வாங்கலாம் என்பதுவரை எழுதுகிறார்கள். அங்கே ஏறிப் போகிற பாதையைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. பத்து வருடமாக மதுரையிலும் திருச்சியிலும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கே போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. அங்கிருந்து கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். பயம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயம் இரண்டு தவறுகளைச் செய்ய வைக்கிறது, அவைதான் ஆபத்து.

முதலாவது, பள்ளத்துக்குப் பயந்து நடுக்கோட்டின் மேலேயே வண்டியை ஓட்டுவது. இடப்பக்கம் பள்ளம் தெரிந்ததும் கை தானாக வலப்பக்கம் இழுக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்தால் நேருக்கு நேர்தான். இதற்கு மருந்து கண்ணில் இருக்கிறது. கண் போகிற இடத்துக்குத்தான் ஸ்டீயரிங் போகும். பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ பார்க்காமல், வளைவு முடிந்து பாதை நேராகிற இடத்தைப் பார்த்தால் வண்டி சாலையில் தன் பக்கத்திலேயே போகும்.

‘மலை ஓரமாகவே போய்விடலாம், அந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்ளலாம்’ என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. அது நடக்காது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலையும் பள்ளமும் இடம் மாறும். ஆனால் அதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும்போது மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அடுத்த கொண்டை ஊசி திரும்பும். இறங்கும்போது பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இடையில் வரும் சின்னச் சின்ன நெளிவுகளுக்கு இது பொருந்தாது. இது தெரிந்தால் அடுத்து இடமா வலமா என்று முன்கூட்டியே மனம் தயாராகிவிடும். நமக்கு ஏற்றத்தில் கஷ்டம் கொடுப்பது இடப்பக்கம் திரும்பும் வளைவு. உள்வட்டம் என்பதால் குறுகல், செங்குத்தும் அங்கேதான் அதிகம். வளைவுக்குள் போய் கியர் தேடக்கூடாது. பத்து மீட்டர் முன்பே இரண்டாவது, பாரம் அதிகம் என்றால் முதல் கியர். சீக்கிரமே இடதுபக்கம் ஒடித்தால் பின்சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கும். கொஞ்சம் உள்ளே போன பிறகு திருப்ப வேண்டும். வலப்பக்க வளைவு அகலமானது, எளிது. அங்கே உள்ளே வெட்டிப் போகும் ஆசைதான் வரும். அந்த உள்பக்கம் இறங்கி வருகிறவனுடையது.

ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்பது அடுத்த பயம். இதை மலைக்கு வந்து பழகக் கூடாது. ஊரிலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க் கரைச் சரிவில் பத்து முறை செய்து பார்க்க வேண்டும். கைபிரேக்கை முழுதாகத் தூக்கி, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை 1,500 ஆர்.பி.எம். வரும்வரை மிதித்து, கிளட்சை மெல்ல விடவும். என்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அந்த நொடியில்தான் கைபிரேக்கை இறக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் உருளும், கிளட்சைச் சட்டென்று விட்டால் ஆஃப் ஆகும். புதிய கார்களில் இருக்கும் ஹில் ஹோல்டு வசதி ஏறத்தாழ இரண்டு நொடிதான் பிடிக்கும், அதை நம்பி டீ குடிக்க முடியாது. பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது பலருடைய பழக்கம். ஐந்தாறு வளைவுக்குள் கருகல் வாடை வந்துவிடும்.

வளைவில் பஸ்ஸைப் பார்த்தால் வளைவுக்கு வெளியே, கீழேயே நின்றுவிடுங்கள். நீளமான வண்டிக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். முன்மூக்கு வெளியே வீசும், பின்சக்கரம் உள்ளே வெட்டும். மற்றபடி, குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. நின்ற வண்டியை ஏற்றத்தில் மறுபடி நகர்த்துவது கஷ்டம், அதனால்தான் அந்த விதி. பாட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினால் எதிரே வரும் ஹாரன் கேட்கும்.

இனி இரண்டாவது தவறு. மேலே ஏறியதும் ‘அப்பாடா, முடிந்தது’ என்று நினைக்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. பயந்தவர் கால் பிரேக்கை விட்டு எழாது, லேசாக மிதித்தபடியே இருக்கும். சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் உரசி உரசிச் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். டாட் 3 தரத்துப் புது ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறிய பழையதற்கு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் குமிழி. குமிழி நசுங்கும், ஆயில் நசுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகிறது. இரண்டு வருடமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்கு வரவே கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. என்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் உறுமும். உறுமட்டும், அது வண்டியைப் பிடித்திழுக்கும் சத்தம், கெட்டுப்போகும் சத்தம் அல்ல. வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் ஒருமுறை அழுத்தமாகப் பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை ‘டி’யில் விட்டால் அது மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ‘எல்’ அல்லது மேனுவலுக்கு மாற்றவும். மின்சாரக் காரை மூணாறில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்கினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிடிப்பு குறையும். 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும் என்ஜினை அணைத்து உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். என்ஜின் நின்றால், மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வெற்றிடம் மிச்சம் இருக்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

கருகல் வாடை வந்தால் அடுத்த அகலமான ஓரத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப்போகும், வெடிக்கவும் கூடும். பிரேக் நெருப்பாய் இருக்கும்போது கைபிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்கலாம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். பின்னால் வருகிற பைக்காரர் உங்கள் கல்லில்தான் விழுவார். ஓடும்போதே பெடல் அமிழ்ந்துவிட்டால், வேகமாகக் குத்திக் குத்தி மிதித்து, ஒவ்வொரு கியராக இறக்கி, கைபிரேக்கை பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கச் சரிவில் உரசியாவது நிறுத்த வேண்டும்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்சீட்டில் மாமாவோ அப்பாவோ உட்கார்ந்து வளைவுக்கு வளைவு ‘ஐயோ, பார்த்து’ என்றால் எந்த ஓட்டுநரும் பதறுவார். முன்சீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் ‘பஸ் வருது’, ‘பின்னாடி ஜீப்’, ‘முன்னாடி நிறுத்த இடம் இருக்கு’ என்ற அளவில். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். அவர்களுக்கு இது வீட்டு வாசல், ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள். போட்டி போடாமல் ஒதுங்கி வழிவிடுங்கள். காலை ஒன்பதுக்கு மேல் முந்தலைத் தாண்டினால் அந்தத் தொல்லையே குறையும்.

வாந்தி வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்வது நல்லது, பரோட்டா வேண்டாம். செல்போன் பார்க்கக் கூடாது. வாந்தி மாத்திரை தூக்கம் தரும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது. நெஞ்சு படபடத்துக் கை மரத்தால் மூச்சை அடக்காதீர்கள். நிறுத்திவிட்டு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியும். தணியாவிட்டால் வேறொருவர் ஓட்டட்டும். போடியிலோ தேனியிலோ மலை தெரிந்த ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

முதல்முறை வருகிறவர்கள் போடிமெட்டைவிட, லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறிப் பழகலாம். ஏற்றம் சிறியது. உடுமலையிலிருந்து சின்னார், மறையூர் வழியும் அழகுதான், ஆனால் அது புலிகள் காப்பகமும் சரணாலயமும். படபடப்பு வந்தால் இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி இறங்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டுப் பாதையில் பாறை சரியும், அந்த நாட்களில் முந்தலில் விசாரித்துவிட்டு ஏறவும். கீழே வெயில் அடித்தாலும் உச்சியில் மேகம் இறங்கி இருக்கும். ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள், பிரைட்டில் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கோரிக்கை. நிறுத்த இடம் எங்கே என்று 300 மீட்டருக்கு முன்பே ஒரு பலகை வைத்தால், பயந்தவர்கள் வளைவுக்குள்ளேயே நிறுத்திவிடுவது பாதியாகக் குறையும். இறக்கத்தின் தொடக்கத்தில் ‘இரண்டாவது கியர்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கலாம். தங்கள் சுற்றுலா இணைப்பிலும் அருவிப் படத்துக்குக் கீழே அந்த இரண்டு சொல்லுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பாதை ஓட்டுநர்கள் சிலர்,
போடிநாயக்கனூர்.