தெருப் பெயரும் நகர் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சொந்த வீடு பற்றிய கட்டுரை படித்தேன். நடுத்தர வர்க்கத்தார் ஊர் மெச்சுவதற்காகவே கடன் வாங்கிக் கட்டுகிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. என் வீட்டு போர்டிகோவில் தாராளமாக ஒரு கார் நிற்கும். பதினோரு வருடமாக மொபெட்தான் நிற்கிறது.

மீதிப் பாதி வேறு. நான் பிறந்தது திருநெல்வேலி டவுணில் ஒரு வளவில். ஆறு குடித்தனம், ஒரு கிணறு. தார்சா, பட்டாசல், அடுக்களை என்று வீடு நீளமாக உள்ளே போகும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் இருமல். ஆனித் தேரோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் படுக்க இடம் இருக்காது. அதையெல்லாம் இப்போது உருகி உருகிப் பேசுகிறவர்கள் யாரும் இன்று அங்கே குடியிருப்பதில்லை. நானும்தான்.

ஓர் உத்தியோகம் நிலைத்ததும், 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி பாளையங்கோட்டைப் பக்கம் மனை பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், என்.ஜி.ஓ. காலனி. காற்றோட்டத்துக்காக மட்டும் போகவில்லை. டவுணில் தெருவைச் சொன்னாலே இன்ன ஆள் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். நகர் பெயரைச் சொன்னால் சம்பளக் கணக்கோடு விட்டுவிடுவார் என்று நம்பினோம். அந்த நிம்மதிக்குத்தான் ஐந்து சென்ட் மனையும் இருபது வருடத் தவணையும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

விட்டுவிட்டார்களா என்றால், எங்கே! பால்காய்ப்பு அன்று எதிர்வீட்டுக்காரர் வந்தார். மாடிப்படி கிரானைட்டைத் தடவிப் பார்த்து, சதுர அடி என்ன விலை என்று விசாரித்தார். அப்புறம், "டவுண்ல எந்தத் தெரு அண்ணாச்சி?" என்றார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? போன மாதம் எங்கள் மாடியை வாடகைக்குப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். "சொந்த ஊர் எது தம்பி?" என்று என் மனைவி கேட்டாள். அந்தப் பையன் பிறந்து வளர்ந்ததே இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது. "கே.டி.சி. நகர்" என்றான்.

"அது இல்ல தம்பி, அதுக்கு முன்னால?"

நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தியாகராஜநகர், பாளையங்கோட்டை