போலந்தின் 107

அன்புள்ள கலா,

பதில் போட இவ்வளவு நாள் இழுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, நடக்கத் தொடங்கிவிட்டாள். சேகரைப் பற்றிக் கேட்காதே, அப்படியேதான் இருக்கிறான். சரி, உன் கட்டுரைக்கு வருகிறேன்.

"தடை வந்ததும் போலந்தில் கருக்கலைப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது" என்று எழுதியிருக்கிறாய். அரசுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது, 2020-இல் 1,076, 2021-இல் 107. ஆனால் ஏறக்குறைய 3.8 கோடிப் பேர் வாழும் நாட்டில் ஒரு வருடத்துக்கு 107 என்றதுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வகுப்பில் வாத்தியாரின் கணக்கையே திருத்தியவள் நீ! அந்த 107 தடைக்குப் பிறகும் சட்டம் விட்டுவைத்த காரணங்களுக்காக மருத்துவமனையில் நடந்தவை மட்டும். தபாலில் மாத்திரை வரவழைத்தவர்களும் எல்லை தாண்டிப் போனவர்களும் அதில் வரவே மாட்டார்கள்.

பதிவேடுகளே உதவாது என்று சொல்ல வரவில்லை. பின்லாந்தில் ஒவ்வொரு கருக்கலைப்பையும் மருத்துவர்கள் தெரிவித்தாக வேண்டும், மருத்துவமனைக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் பொருந்தியிருக்கிறது. அங்கே முறையான சிகிச்சை எளிதாகக் கிடைப்பதால் பெண்கள் ஒளிந்து செய்துகொள்ள வேண்டிய அவசியம் குறைவு, அதனால்தான் அந்தக் கணக்கை நம்ப முடிகிறது. அமெரிக்காவில் சிடிசி என்ற மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையத்துக்கு மாநிலங்கள் விரும்பினால் கணக்கு அனுப்பலாம், கலிஃபோர்னியா அனுப்புவதே இல்லை. 2020-க்கு சிடிசி சொன்னது சுமார் 6.2 லட்சம். கிளினிக்குகளிடமே விசாரித்து எண்ணிய குட்மாக்கர் நிறுவனத்துக்குக் கிடைத்தது 9.3 லட்சம். இந்தியாவிலோ, 2015-க்கு அரசுக் கணக்கு ஏழு லட்சத்தைச் சுற்றி இருக்க, மாத்திரை விற்பனையையும் மருத்துவமனைகளையும் வைத்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டது 1.56 கோடி! அதில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை, அவற்றுக்கு யார் படிவம் நிரப்புவார்கள்?

அப்புறம் குறியீடு. என்னைத் தூங்கவிடாதது இதுதான். நோய்களுக்கான உலகப் பொதுக் குறியீட்டின் பத்தாம் பதிப்பில் தானாகக் கலைந்தால் ஓ03, மருத்துவர் கலைத்தால் ஓ04. மாத்திரை போட்டுக்கொண்டு ரத்தப்போக்கோடு வருகிறவளுக்கும் தானாகக் கலைந்து வருகிறவளுக்கும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான், பெரும்பாலும் பரிசோதித்தாலும் வித்தியாசம் தெரியாது. சட்டம் மிரட்டுகிற இடத்தில் அவள் வாய் திறக்க மாட்டாள், டாக்டரும் துருவிக் கேட்க மாட்டார், ஓ03 என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அப்படி ஒரு நாட்டில் கருக்கலைப்பு குறைந்து கருச்சிதைவு கூடியதாகக் காகிதம் சொன்னால், காகிதத்தை நம்புவாயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-இல் அதே போலந்தில் கர்ப்பத் தகவலையும் மத்திய மருத்துவத் தரவுத் தொகுப்பில் ஏற்ற உத்தரவு வந்தபோது, அது தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்று பெண்கள் பயந்தார்கள். பயந்தவள் டாக்டரிடமே போகாமல் இருந்துவிடலாம், கலா. கணக்கில் விடுபடுவதோடு போகாது, அவள் உயிருக்கே ஆபத்து. இது எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால் அந்த வரியை மாற்று. "சட்டப்படி பதிவானவை குறைந்தன" என்று எழுது, பதிவாகாதவற்றைப் பற்றித் தனியாக ஒரு பத்தி சேர். ஆயிரம் பெண்களுக்கு எத்தனை என்று விகிதம் போட்டால், அந்தப் பெண்கள் 15 முதல் 44 வயதா, 49 வரையா என்றும் பார்த்துக்கொள், நாட்டுக்கு நாடு மாறும். அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு, அன்றே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி