மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பம்புசெட்டுக்குப் பேர்போன கோவையிலேயே, பள்ளிக் கண்காட்சி ரோபோ வண்டிகள் கையில் தூக்கினால் சுற்றுகின்றன, தரையில் விட்டால் நின்றுவிடுகின்றன. பிள்ளைகளோ புரோகிராமைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் 9 வோல்ட் சதுர பேட்டரியில்தான். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தப் பேட்டரி ஈடுகொடுக்காமல் வோல்டேஜ் சரிய, வண்டியை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டான ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். இந்தச் சரிவு நொடிப்பொழுதில் வந்துபோவதால் மல்டிமீட்டரில் சிக்காமலும் போகலாம். ஓடும் சக்கரத்தைக் கையால் லேசாகப் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மோட்டாருக்கு, ஆர்டுயினோவின் பேட்டரியோடு சேராமல், இரண்டு 18650 செல்களை (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்கள்) சீரிஸில் தனியாகக் கொடுக்கலாம். இரண்டும் சேர்ந்து தரும் 7.4 வோல்ட்டில், ஆர்டுயினோவின் கட்டளைப்படி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் மோட்டாருக்கு மிச்சம் சரியாக இருக்கும். இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் (நெகட்டிவ் முனை) கட்டாயம் இணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, டிரைவர் போய்விட்டதென்று புதிது வாங்குவோர் பலர்! மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தால் மோட்டாருக்குள் இருக்கும் பிரஷ்ஷின் தீப்பொறியால் வரும் மின் தொல்லை அடங்கும்.

ஆர்டுயினோ ஊனோ போர்டின் பின் (வயர் சொருகும் முனை) ஒன்றிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள். மோட்டாரை நேரடியாகச் சொருகினால் சிப் போய்விடலாம்.

– ஒரு வாசகர், பீளமேடு