செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு முழங்காலும் ஒரு மேன்முறையீடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது. நவராத்திரிப் பூசை வழமைபோல. இந்த வருடம் செயற்குழுவுக்கு அதிகம் வேலை வைத்தது ஒருவருடைய வலது முழங்கால்தான்.

ஆளை உங்களுக்குத் தெரியும். இளமையில் அமெரிக்கா போய், அந்நாட்டு இராணுவத்தில் இருந்து, வயதானபின் வெள்ளவத்தைக்கே திரும்பிவந்த அண்ணர். பெயர் போட வேண்டாம் என்றார். சேவையில் பழுதான முழங்காலுக்கு 10 சதவீத இயலாமைக் கொடுப்பனவு வருகிறது. கூட்டித்தரக் கேட்டதற்கு அந்நாட்டு முன்னாள் படையினர் திணைக்களத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது.

அங்கே முழங்காலைப் பாகைமானி மாதிரி ஒரு கருவியால் அளக்கிறார்கள். மடக்குவது 45 பாகையோடு நின்றால் 10 சதவீதம், 30 என்றால் 20, 15 என்றால் 30. நீட்ட முடியாமைக்கும் மூட்டுத் தளம்பலுக்கும் வேறு கணக்கு. வலி கூடும் நாட்களில் எவ்வளவு இயலாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டுமென்று அந்நாட்டு நீதிமன்றம் 1995 இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அண்ணர் பரிசோதனைக்குப் போனது ஒரு நல்ல நாளில். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்க, எங்கள் ஆட்களின் வழக்கப்படி "பரவாயில்லை" என்றிருக்கிறார். அது அப்படியே அறிக்கையில் ஏறிவிட்டது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

2019 பெப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மறுப்பை எதிர்த்துக் கேட்க மூன்று வழிகள் உண்டு. நாங்கள் முதலில் பிழையான வழியில் இறங்கினோம். மேலதிகாரி ஒருவர் கோப்பைத் திரும்பப் பார்க்கும் வழிதான் சுருக்கு என்று நினைத்து, புதுக் கடிதங்களையும் கட்டி அனுப்பப் பார்த்தோம். அந்த வழியில் புது ஆதாரம் எடுபடாது. புதிதாகக் காட்ட ஏதும் இருந்தால் இரண்டாவது வழி, 20-0995 என்ற படிவத்தில் திரும்பக் கேட்பது. மூன்றாவது, மேன்முறையீட்டுச் சபை நீதிபதியிடம் போவது. எதுவானாலும் முடிவு வந்து ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் பழைய திகதியிலிருந்து நிலுவை கேட்கலாம்.

சங்கம் இதில் யாருடைய பிரதிநிதியும் அல்ல. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியை அவரே தேடிப் பிடித்தார். எங்கள் பங்கு சாட்சிக் கடிதம். அயலவர் கண்டதை எழுதினாலும் அங்கே ஆதாரமாக எடுக்கிறார்கள். முதலில் வந்தது "தாங்கொணா வேதனை" என்று தொடங்கியது. சரி, அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, கண்டதை மட்டும் எழுதச் சொன்னோம். கீழ்வீட்டுக்காரர் எழுதினார்: காலி வீதியில் 100 பஸ் வந்தால் இடது காலை மிதிபலகையில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மற்றக் கையால் தூக்கி ஏற்றுகிறார். கொண்டக்டர் "இக்மன்ட, இக்மன்ட" (சிங்களத்தில் 'கெதியாக') என்று தட்டுகிறார். லிஃப்ட் பழுதான கிழமை அவர் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவேயில்லை, பாண் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் கடிதம்.

படிவம் போய்விட்டது, முடிவு வரவில்லை. திரும்பப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் "பரவாயில்லை" என்று சொல்லமாட்டேன் என்று செயற்குழு முன்னால் வாக்குத் தந்திருக்கிறார். அவர் வீட்டு அக்கா நம்பவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தபால் செலவு அதில் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு