நவம்பர் 14: தோனோதாகே மலையேற்றம்

எல்லோருக்கும் வணக்கம். இலையுதிர்கால நடைக்கு இந்த முறை ஜப்பானின் தன்சாவா மலைப்பகுதியில் உள்ள தோனோதாகே மலை. நவம்பர் 14, சனிக்கிழமை. காலை 7:30க்கு ஷிபுசாவா ஸ்டேஷன் டிக்கெட் கேட் வெளியே இருங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யூ ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து, ஏறத் தொடங்கும் இடமான ஒகுரா வரை பஸ்.

டோக்கியோ பக்கத்து எளிய மலையான தகாவோ மாதிரி நினைத்து வந்துவிடாதீர்கள். ஒகுரா சுமார் 290 மீட்டர் உயரம், உச்சி 1,491. ஏழு கி.மீ. தூரத்துக்கு மரப்படிகள், படிகள், மறுபடியும் படிகள். இந்த முகட்டுக்கு ஜப்பானியர்களே 'பாகா ஓனே', அதாவது முட்டாள் முகடு என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். போய்வர ஏழு மணி நேரமாவது ஆகும். வானம் தெளிந்தால் உச்சியில் ஃபுஜி கண்ணெதிரே நிற்கும்.

1. ஹெட்லைட் கட்டாயம். நாலரைக்கெல்லாம் சூரியன் மறையும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். போன வருடம் செல்போன் வெளிச்சத்தில் இறங்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டவன் சொல்கிறேன்.
2. தண்ணீர் 2 லிட்டர், மதியச் சாப்பாடு. புளிசாதம் என் பொறுப்பு.
3. பிடிப்புள்ள ஷூ, காற்றைத் தாங்கும் ஜாக்கெட், கரடிமணி (கரடியை விலக்க, நடக்கும்போது ஒலிக்கும் மணி).
4. மலைக்குடில் கழிப்பறைக்கு 100 யென் நாணயங்கள்.
5. 12:30க்குள் உச்சியைத் தொடாதவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே திரும்ப வேண்டும். இதில் பேச்சே இல்லை.

சிறு குழந்தைகள் வேண்டாம், ப்ளீஸ். மழை என்றால் ரத்து. வெள்ளி இரவு 8 மணிக்குச் சொல்கிறேன்.

வருபவர்கள் பெயரையும் அவசரத் தொடர்பு எண்ணையும் 8ஆம் தேதிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், மலையேற்றப் படிவத்தில் எழுத வேண்டும். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கில் வராது.