கேரியா, கிரியா?

அன்புள்ள கண்ணுக்கு,

டேராடூன் குளிர் நம்ம கோத்தகிரியைவிட மோசம் என்று போனில் சொன்னாயே, குரங்குக் குல்லா பார்சலில் வருகிறது. வெட்கப்படாமல் போட்டுக்கொள்.

நீ சர்வே வேலைக்குப் போனதிலிருந்து எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. நம் நீலகிரி மலையை அளக்க சர்வேயர் வில்லியம் கீஸ் ஏறி வந்தது 1812இல். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை வருவதற்கு முன்பே. தொதநாடு, மேக்குநாடு, பொறங்காடு என்று மலை மூன்று நாடாகப் பிரிந்திருந்ததை அப்போதே எழுதிவிட்டார். இன்றும் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி எந்தச் சீமை என்பதுதானே!

அப்புறம் 1821-22இல் கேப்டன் வார்டு. திருவிதாங்கூரையும் கொச்சியையும் கானர் என்ற இன்னொரு அதிகாரியுடன் சேர்ந்து அளந்து முடித்துவிட்டு வந்தவர். சிகரங்களில் அவருக்குப் பெரிய சங்கடம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தொட்டபெட்டா எங்கே போய்விடும்? மூடுபனி விலகும்வரை காத்திருந்தால் கோணம் கிடைத்துவிடும். ஊர்கள்தான் பாடு. தோடர்கள் வறட்சிக் காலத்தில் எருமைகளை ஓட்டிக்கொண்டு வேறு மந்துக்கு, அதாவது தங்கள் வேறு குடியிருப்புக்கு, போய்விடுவார்கள். அந்த மாதம் பார்த்துப் போனால் நாலைந்து குடிசை, ஒரு பால்மனை, ஆள் இல்லை. அதை ஊர் என்று குறிப்பதா, விடுவதா?

பெயர் இன்னொரு கூத்து. கோத்தர் தெரு என்ற பொருளில் ‘கோத்தகேரி’ என்று சொன்னது, எழுதி எழுதி ‘கிரி’ ஆகி, தெரு மலையாகிவிட்டது. தொட்டபெட்டா என்றாலே பெரிய மலைதான்; நாம் அதற்குப் பின்னாலும் ஒரு ‘மலை’யை ஒட்டுகிறோம். முப்பது வருடம் தபால் பிரித்தவள் சொல்கிறேன், காகிதத்தில் ஒரு பெயரும் ஹட்டிக்காரர், அதாவது படுகர் ஊர்க்காரர், வாயில் ஒரு பெயரும் இருந்தால் கடிதம் ஊர் சுற்றித்தான் வரும். நீ பெயர் எழுதும்போது டீக்கடையில் நிற்கிறவரை மட்டும் கேட்காதே. அங்கே எருமை மேய்க்கிற அம்மாவையும் ஒரு வார்த்தை கேள்.

பொங்கலுக்கு வரும்போது நம் பக்கத்து மேப் ஷீட் ஒன்று கொண்டு வா. கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தான் பிறந்த ஹட்டி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். போன வாரமே கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார்.

அம்மா